வெறும் பெட்டியின் எடை

என்ன வேலை என்று உக்குவளையில் யாராவது கேட்டால், கை செய்கிற வேலை என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அடுத்த கேள்வி, கை மட்டும்தானா, மிச்சத்தை யார் செய்வது என்பதுதான். மிச்சம் வெளிநாட்டிலிருந்து வரும் என்பேன். கேட்டவருக்கு அது பெரிய ஏமாற்றமாக இருக்கும். ரோபோ என்றால் தலை, கண், நடை எல்லாம் வேண்டாமா? எங்கள் வீதியில் இருக்கும் ஒரு மாமி நான் சொன்ன விளக்கம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் சுற்றாமல் நின்றுபோன தன் கிரைண்டரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். திருத்திக் கொடுத்தேன், வேறு என்ன செய்வது. அதற்குப் பிறகுதான் ஊரில் எனக்கு இஞ்சினியர் என்ற பேர் நிலைத்தது.

உண்மையான வேலை இதுதான். பெரிய களஞ்சியங்களில் சாமான் போட்ட பெட்டிகளைக் கூரை வரை தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பார்கள். தட்டுகளுக்கு நடுவே தண்டவாளம் போட்டு ஓர் இயந்திரம் ஓடும். கேட்ட பெட்டியை எடுத்துவந்து தரும், கொடுத்த பெட்டியைக் கொண்டுபோய் வைக்கும். அந்த இயந்திரத்தின் நுனியில் பெட்டியைத் தொட்டுப் பிடிக்கிற பகுதி ஒன்று இருக்கிறதே, அதற்குப் பெயர் கிரிப்பர். நான் வரைந்து, வெட்டி, பூட்டிக் கொடுப்பது அதை மட்டும். ஒரு முழம் நீளம்கூட வராது. ஆனால் அது சரியில்லை என்றால் மற்ற இரும்பெல்லாம் சும்மா நின்று வேடிக்கை பார்க்கும்.

மாத்தளை முதலாளி ஒருவருக்கு நாவுலையில் அப்படி ஒரு களஞ்சியம் இருக்கிறது. மிளகு, கராம்பு, ஏலக்காய், சாதிக்காய் என்று ஏற்றுமதிக்குப் போகிற சரக்கெல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளில், ஏசி அறையில் இருக்கும். இயந்திரத்தை ஆசைப்பட்டு இறக்குமதி செய்தார். அது வந்தபோது அதன் நுனியில் உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கிண்ணங்கள் இருந்தன. அது பிறந்த நாட்டில் பெட்டி மூடிகள் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும் போல. இங்கே மூடியெல்லாம் மிளகுத் தூசி, சாதிக்காய்ப் பெட்டி என்றால் எண்ணெய்ப் பசை. கிண்ணம் ஒட்டாது. ஒட்டினாலும் பாதி வழியில் மனம் மாறிவிடும். ஒரு தடவை ஏலக்காய்ப் பெட்டி ஒன்றை மேல்தட்டிலிருந்து அப்படியே கைவிட்டதாம். அன்று முழுக்கக் களஞ்சியத்தில் பெருநாள் வட்டிலப்பம் அவித்த வாசம் என்று முதலாளி சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் சிரிப்பு கண் வரை போகவில்லை.

விற்றவர்கள் ஆளனுப்பி வேறு கை மாட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் உள்ளூரில் ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்று என்னைக் கூப்பிட்டார். சரிவந்தால் அவருடைய மற்றக் களஞ்சியங்களுக்கும் நானே செய்து, அவற்றைப் பராமரிக்கிற வேலையும் எனக்கே. சரிவராவிட்டால் சலாம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

என் பேர் கெட்டுப்போவது பற்றி எனக்குப் பெரிய கவலை இருக்கவில்லை. கவலை என் கணவரைப் பற்றியது. கட்டாரில் ஒரு கராஜில் பல வருடம் வேலை செய்தவர். விடுமுறை என்று வந்தார், அதைக் கொஞ்சம் நீட்டினார், பிறகு இன்னும் கொஞ்சம் நீட்டினார். அந்த கராஜ்காரர் நல்ல மனிதர், இவருடைய இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். எவ்வளவு காலம்தான் வைத்திருப்பார்? மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வருகிறாயா இல்லையா, ஒன்றைச் சொல் என்று செய்தி அனுப்பிவிட்டார். நாவுலை வேலை கிடைத்தால் என் பட்டறைக்கு இரண்டாவது ஆள் நிரந்தரமாக வேண்டும், அவர் போக வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் மாமிமாரின் கிரைண்டரை நம்பி மூன்று பேர் சாப்பிட ஏலாது, அவர் போய்த்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது ஆள் எங்கள் மகள். ஒன்பது வயது. அவளுக்கு விபரம் தெரிந்த காலத்திலிருந்து வாப்பா என்றால் ஃபோனுக்குள் இருப்பவர். அவர் ஃபோனை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்த பிறகும் அவள் அவரை விருந்தாளியாகத்தான் நடத்தினாள். என்னோடு விடிந்தால் பொழுதுபட்டால் சண்டை: சோறு சூடு, சப்பாத்து ஈரம், டீவி சத்தம் காணாது. அவர் என்ன சொன்னாலும் "சரி வாப்பா" மட்டும்தான். பார்க்கிறவர்கள் எவ்வளவு அடக்கமான பிள்ளை என்பார்கள். எனக்கு அது அடக்கமாகத் தெரியவில்லை. என்னோடு வாயாடுகிற பிள்ளை அவரோடு வாயாடவில்லை என்றால், அவர் திரும்பிப் போகிற ஆள் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள் என்றுதானே அர்த்தம்.

முதலாளி புதுக் கையின் பரீட்சைக்கு நாள் குறித்ததும் அதே வெள்ளிக்கிழமைக்குத்தான். வேறு நாள் இல்லையா என்று கேட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமையைவிட நல்ல நாள் ஏது என்று என்னையே திருப்பிக் கேட்டார். சரி என்று குறித்துக்கொண்டேன்.

என் கணவருக்கு இயந்திரம் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்த இயந்திரம் லொறி. லொறியில் ஒன்று ஆடினால் இறுக்க வேண்டும், இன்னும் ஆடினால் இன்னும் இறுக்க வேண்டும், சட்டம் அவ்வளவுதான். நான் செய்த முதல் கை, பெட்டியை இரண்டு பக்கத்திலிருந்தும் அமுக்கிப் பிடிப்பது. பழகிப் பார்க்கக் களஞ்சியத்திலிருந்து வெறும் பெட்டிகளை அவர்தான் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒன்றுக்குள் செங்கல்லைப் போட்டு, கையை மூடச் சொன்னோம். பிளாஸ்டிக் பெட்டிக்கு இடுப்பில் அமுக்கினால் தலை கழன்றுவிடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மூடி டப்பென்று எழும்பியது. காணாது, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாம் என்றார் என்னவர். இறுக்கினோம். மூடி பறந்துபோய் மின்விசிறியில் அடிபட்டு, ஜன்னலால் வெளியேறி, பக்கத்து வீட்டுக் கோழிகளைக் கலைத்தது. அவர் அதை ஒரு முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த கை, பெட்டியின் வாய் விளிம்புக்குக் கீழே கொக்கி மாட்டித் தூக்குவது. வரைபடத்தில் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் முதலாளி பெட்டிகளை ஒரே இடத்தில் மொத்தமாக வாங்கியவர் அல்ல. கண்ட இடத்தில், கண்ட விலையில் வாங்கியிருக்கிறார். ஒன்றுக்கு விளிம்பு தடிப்பு, ஒன்றுக்கு மெலிவு, ஒன்றுக்கு விளிம்பே இல்லை. எடை மட்டும்தான் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. என் கொக்கி சில பெட்டிகளைத் தூக்கியது, சிலவற்றின் காதைப் பிய்த்தது. நான் கோபத்தில் வரைபடத்தைக் கிழித்துப்போட்டேன். அவர் துண்டுகளைப் பொறுக்கி, டேப் போட்டு ஒட்டி, இதுவும் நல்ல படம்தானே என்று சுவரில் மாட்டினார். மனுஷருக்கு எப்போது கிண்டல் செய்கிறார், எப்போது ஆறுதல் சொல்கிறார் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கடைசியில் சரிவந்தது, ரொட்டி புரட்டும்போது அடியில் கரண்டியை விடுகிற மாதிரி ஒரு வேலை. பெட்டிக்குக் கீழே தட்டையான நாக்கு ஒன்று நுழையும். பாரத்தை நாக்குத்தான் தாங்கும். இரண்டு பக்கமும் மெத்தென்ற திண்டுகள் பெட்டியை ஆடாமல் அணைத்துக்கொள்ளும். திண்டுக்கு என்ன ரப்பர் நல்லது என்று பார்க்க, கைக்கு எட்டிய தூரத்தில் கிடந்த அவருடைய குளியலறைச் செருப்பை வெட்டினேன். செருப்பு நன்றாகப் பிடித்தது. சிலிக்கோன் ரப்பர் வந்து சேரும் வரை அவர் வெறுங்காலோடு நடந்து, விஞ்ஞானத்துக்காகச் செருப்பைக் கொடுத்த ஒரே ஆள் தானே என்று பள்ளிவாசல் வரைக்கும் சொல்லித் திரிந்தார். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்துத்தான் அந்த வாயை அடைத்தேன்.

பிடிப்பதில் கஷ்டம் பலம் அல்ல, அளவு. நிறைந்த மிளகுப் பெட்டியைத் திண்டுகள் நன்றாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதே பலத்தில் வெறும் பெட்டியைப் பிடித்தால் நசுங்கிவிடும். அதனால் கையின் மணிக்கட்டில் எடை பார்க்கிற சின்னக் கருவி ஒன்றை வைத்தேன். கை முதலில் பெட்டியை ஒரு விரல் உயரம் தூக்கும், எடையைப் பார்க்கும், பிறகு அதற்குத் தக்கபடி இறுக்கும். இதற்காக நாம் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வெறும் பெட்டி என்றால் எவ்வளவு எடை. அதைவிடக் கூடினால் உள்ளே சரக்கு இருக்கிறது. அதைவிடக் குறைந்தால்? வெறும் பெட்டியைவிட வெறுமையான பெட்டி உலகத்தில் கிடையாது. ஆகவே குறைந்தால் பெட்டி சரியாக உட்காரவில்லை, வழுக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டு மறுபடி முயற்சி செய், மறுபடியும் அப்படியென்றால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நில் என்று எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, எவ்வளவு கவனமான கை பாருங்கள் என்று பெருமைப்பட்டேன். எதையும் நம்பாத கை, செய்தவளைப் போலவே இருக்கிறது என்றார்.

பரீட்சைக்கு முந்திய கிழமை கையை நாவுலைக்குக் கொண்டுபோனோம். கையைப் பக்குவமாகச் சுற்றி எடுத்து வைப்பது என் பொறுப்பு. எங்கள் வீட்டில் இருந்த வெறும் பெட்டிகளைக் கழுவித் துடைத்து, மூடி, வேனில் அடுக்குவது அவர் பொறுப்பு. அவர் மூடிய ஒவ்வொரு பெட்டிக்கும் நான் டேப் ஒட்டி, பரீட்சைப் பெட்டி, திறக்க வேண்டாம் என்று மூன்று மொழியிலும் எழுதினேன். என்னையும் பெட்டிகளையும் களஞ்சிய வாசலில் இறக்கிவிட்டு, மகளைப் பாடசாலையிலிருந்து கூட்டிவர அவர் திரும்பிப் போய்விட்டார்.

களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்வது ஓர் அக்கா. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, நாவுலையில் வாழ்க்கைப்பட்டவர். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் சாவிக்கொத்து. இயந்திரம் வருவதற்கு முன் ஏணி வைத்து ஏறி எல்லாப் பெட்டிகளையும் இறக்கியவர் அவர்தான். அதனால் புதுக் கை வேலை செய்ய வேண்டும் என்று மாதாவிடம் தினமும் கேட்பதாகச் சொன்னார். நான் கையைப் பூட்டி முடித்ததும் அதன் பக்கத்தில் நின்று, மெதுவா, மெதுவா என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கொண்டுபோன பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்க வைத்து, இதுதான் வெறும் பெட்டி, இதை ஞாபகம் வைத்துக்கொள் என்று கைக்குக் கற்பித்தேன். வீட்டுத் தராசில் பார்த்ததைவிட எடை கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. மணிக்கட்டில் தொங்குகிற மின்கம்பி கீழே இழுக்கிறது, அந்த இழுவைதான் சேர்ந்து வருகிறது என்று எனக்கு நானே விளக்கம் கொடுத்தேன். எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவு கூடியதால் சந்தேகமே வரவில்லை. அன்று பின்னேரம் வீட்டில் அதற்குப் படம் வரைந்து அவருக்கும் விளங்கப்படுத்தினேன். அவர் பயபக்தியோடு தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற வெள்ளை உடுப்போடு வந்து இறங்கினார். மிளகுப் பெட்டியைக் கேட்டார், வந்தது. மேல்தட்டிலிருந்து கராம்பு கேட்டார், வந்தது. எண்ணெய்ப் பசையுள்ள சாதிக்காய்ப் பெட்டியை வேண்டுமென்றே கேட்டார், அதுவும் குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி வந்தது. அக்கா மெதுவா, மெதுவா என்பதை நிறுத்திவிட்டார். என் கணவர் ஏதோ தானே தூக்கியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். எனக்கு மனதுக்குள் கட்டார் ஒவ்வொரு பெட்டிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு முதலாளி சுவரோரம் அடுக்கியிருந்த களஞ்சியத்து வெறும் பெட்டிகளைக் காட்டி, அதையும் ஒன்று எடுத்து வைக்கட்டும், பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். இவ்வளவு பார்த்த மனுஷன் அதையும் பார்க்கட்டும் என்று நானும் அலட்சியமாகத்தான் பொத்தானை அமத்தினேன். கை போனது. ஒரு விரல் உயரம் தூக்கியது. யோசித்தது. திரும்ப வைத்துவிட்டது. மறுபடி தூக்கியது, மறுபடி யோசித்தது, மறுபடி வைத்தது. கல்யாண வீட்டில் வேண்டாம் வேண்டாம் என்று தட்டைத் திருப்பித் தள்ளுகிறவர் மாதிரி இருந்தது அதன் நடப்பு. பிறகு சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. வேறு பெட்டி வைத்தோம், அதையும் ஏற்கவில்லை. அடுத்ததும் அப்படியே.

முதலாளி பெட்டிக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"நெறஞ்சதெல்லாம் தூக்குது. வெறும் பெட்டிதான் பாரமா, மகள்?" என்று என்னைக் கேட்டார்.

அதில் கோபம் இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார். ஜும்ஆ முடிந்து வந்து இன்னொரு தடவை பார்ப்பதாகவும், அப்போதும் இப்படியென்றால் வெளிநாட்டுக்காரர்களை வரச்சொல்லி இன்றைக்கே அறிவித்துவிடுவதாகவும் சொன்னார். பிறகு என் கணவரைத் தன் வாகனத்திலேயே தொழுகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏறும்போது என்னவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஏர்போட்டில் உள்ளே போவதற்கு முன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாரே, அதே சிரிப்பு.

அழுகைதான் வந்தது. அக்காவுக்கு முன்னால் அழ வெட்கப்பட்டு, அதைக் கோபமாக மாற்றி, மின்கம்பியைத் திட்டினேன். கட்டுகளை வெட்டிக் கம்பியைத் தளர்த்தி, ஒரு கயிற்றில் மேலே தூக்கிக் கட்டினேன். எடை மாறவே இல்லை. நான் படம் வரைந்து விளங்கப்படுத்திய இழுவை என்று ஒன்று உலகத்திலேயே இருக்கவில்லை. பிறகு என் பரீட்சைப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தேன். கை அதை ஒரு பேச்சுப் பேசாமல் தூக்கிக்கொண்டு போனது. களஞ்சியப் பெட்டியை வைத்தேன். மாட்டேன் என்றது. இரண்டும் ஒரே நிறம், ஒரே அச்சு. இரண்டையும் என் இரண்டு கைகளிலும் தூக்கிப் பார்த்தேன். அல்லாஹ் கொடுத்த கைக்கே வித்தியாசம் தெரிந்தது.

டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தேன். உள்ளே மூலையில் தினசரிப் பேப்பரில் சுற்றி, ஆடாமல் டேப் போட்டு ஒட்டிய ஒரு பொட்டலம். பிரித்தால் சீனி. அடுத்த பெட்டியிலும் சீனி. அதற்கடுத்ததிலும் அதே அளவு, அதே மடிப்பு. என்னவருக்கு ஒருவருக்குக் கூட்டி ஒருவருக்குக் குறைத்துக் கொடுக்கத் தெரியாது. எல்லாப் பெட்டிக்கும் தராசு பிடித்து நீதியாகப் போட்டிருந்தார்.

நான் வாயைத் திறந்தபடி நிற்க, அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்கு அதில் அதிசயமாக எதுவுமே தெரியவில்லை.

"வெறும் பெட்டியவா மிஸ் திருப்பி அனுப்புவாங்க?" என்றார். "நான் குடுத்தப்பயும் ஏலக்கா போட்டுத்தானே குடுத்தேன். சார் சொல்லலியா?"

சார் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குப் போகிற ஏனத்தை வெறுமையாக அனுப்பக்கூடாது என்று அக்கா ஏலக்காய் போட்டிருக்கிறார். சாமானோடு வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று என்னவர் சீனி போட்டிருக்கிறார். இதையெல்லாம் யாராவது சொல்லிக்கொண்டா செய்வார்கள்? எங்கள் வீதியில் நோன்புக் கஞ்சி போன கிண்ணம் எதுவும் இன்றுவரை வெறுமையாகத் திரும்பி வந்ததில்லை. நானே எத்தனை கிண்ணத்தில் சீனி போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது கிண்ணம், இது பரீட்சைப் பெட்டி என்று என் தலைக்குள் இருந்த வேலியை அவர் கண்டதே இல்லை. நானோ திறக்க வேண்டாம் என்று மூன்று மொழியில் எழுதி, அக்காவுக்குப் போக வேண்டிய சீனியை அவருக்கே தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறேன். அதில்தான் அக்காவுக்குக் கொஞ்சம் மனவருத்தம். ஒரு கிழமையாகத் தேநீருக்குச் சீனியைச் சிக்கனமாகப் போட்டுக் குடித்தோமே என்றார்.

சிரிப்பு வந்தது பாருங்கள், தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கைக்குத் தெரிந்த வெறுமைக்குள் ஒரு பொட்டலம் சீனி இருந்திருக்கிறது. உண்மையிலேயே ஒன்றும் இல்லாத பெட்டியைக் கண்டதும், இது எப்படி வெறுமையைவிடக் குறையும் என்று அது நியாயமாகவே குழம்பியிருக்கிறது. நான் எழுதிய சொல்லை அது ஒன்றுகூடத் தவறவில்லை. பிழை முழுக்க மனுஷர்களுடைய மரியாதையில்.

சிரித்து முடித்ததும் பயம் திரும்பி வந்தது. தொழுகை முடிகிற நேரம். அக்கா பெட்டி திறக்க, நான் பொட்டலம் எடுக்க, எல்லாவற்றையும் மேசையில் குவித்துவிட்டு, பழைய பாடத்தை அழித்து, கைக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு பெட்டியையும் அக்கா கவிழ்த்துத் தட்டி, ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்கிற மாதிரி என்னிடம் காட்டித்தான் கொடுத்தார்.

வாகனம் வந்து நின்றது. முதலாளி முன்னால் வந்தார், என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தார். நான் விளக்கம் எதுவும் சொல்லாமல் பொத்தானை அமத்தினேன். கை வெறும் பெட்டியைத் தூக்கியது, எடையைப் பார்த்தது, முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு போய் மேல்தட்டில் வைத்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பிறகு மிளகு. பிறகு மறுபடி வெறுமை. முதலாளி போதும் என்று கையைக் காட்டினார்.

எங்கே பிழை இருந்தது என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன் என் கணவர் மேசையில் குவிந்திருந்த பேப்பர்ப் பொட்டலங்களைக் கண்டுவிட்டார். அவர் முகம் போன போக்கை நான் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். சாட்சி, வழக்கு எதுவும் தேவைப்படவில்லை. முதலாளி பொட்டலத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"மத்த ஸ்டோர் கையளுக்கும் இவர்தான் பெட்டி கழுவுவாரா?" என்று கேட்டார்.

அப்படித்தான் எங்களுக்கு வேலை கிடைத்த செய்தி வந்தது. சீனியில் ஒரு பொட்டலத்தை அவர் தன் பையில் போட்டுக்கொண்டார். மிச்சத்தை அக்கா வேறு யார் கையும் படுவதற்கு முன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

திரும்பி வரும்போது நாலந்தாவுக்குக் கிட்ட என் கணவர் வேனை ஓரம் கட்டினார். ஒன்று சொன்னால் ஏசக்கூடாது என்றார். இப்படித் தொடங்கினால் கட்டாயம் ஏச வேண்டியிருக்கும் என்று கல்யாணம் முடித்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போது, எல்லாம் முடிந்தது என்று நினைத்து, நான் வருகிறேன் என்று கட்டாருக்குச் செய்தி அனுப்பிவிட்டாராம்.

ஏசினேன். வாயில் வந்ததெல்லாம் ஏசினேன். செருப்பை வெட்டக் கொடுத்த மனுஷனுக்கு, நான் செய்த கையில் ஒரு ஜும்ஆ நேரத்துக்குக்கூட நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். நீங்களும் நானும் என்ன பேசாத பெட்டிகளா, என்னிடம் ஒரு சொல் கேட்டால் என்ன என்றேன். அவர் ஃபோனை எடுத்து, வேனை விட்டு இறங்கி, வீதியோரத்தில் நின்று கராஜ்காரரோடு பேசினார். அவருடைய அரபியில் எனக்கு ஒரே ஒரு சொல்தான் விளங்கும்: பின்த். மகள் என்று அர்த்தம். அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. பேசி முடித்து வந்து ஏறி, அந்த மனிதர் சரியென்று எங்களுக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டார் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மகளிடம் விஷயத்தைச் சொன்னார். வாப்பா இனிப் போகமாட்டேன், எப்பவும் இங்கேதான் என்றார். அவள் வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்து, "சரி வாப்பா" என்றாள். பிறகு குனிந்து எழுதத் தொடங்கிவிட்டாள். கட்டிப்பிடிப்பாள், துள்ளுவாள் என்று எதிர்பார்த்து விரித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மனுஷன் நின்றார். நான் தேத்தண்ணி வைக்கிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். பார்க்கப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை. வந்த நாளிலிருந்து பாடசாலைக்கு அவளுக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. லொறியில் சரக்குக்குக் கயிறு போடுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பின்னுவார். வெள்ளைப் பர்தாவுக்குள் போகிற பின்னலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் சொன்னால், அவிழக்கூடாதே என்பார். அவள் கண்ணாடிக்கு முன்னால் ஆடாமல் அசையாமல் இருப்பாள். அன்றும் அப்படித்தான் இருந்தாள். நான் அவளுடைய சாப்பாட்டுப் பார்சலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"வாப்பா, நோவுது," என்றாள்.

அவர் கை நின்றது. இன்றைக்கு மட்டுமா என்று கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் நோவுது," என்றாள். "நீங்க போயிருவீங்க எண்டுதான் சொல்லல்ல."

அவர் பாதிப் பின்னலைப் பிடித்தபடி, கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இனி நோவுது என்றால் உடனே சொல்ல வேண்டும் என்றார்.

"இப்பவும் நோவுது," என்றாள் மகள்.